வயது வந்தோர் இசை: பெயர்களும் பெயரிட்டோரும்

1

ஐக்கிய அமெரிக்காவின் வணிக வானொலி நிலையங்கள் தத்தமது இசை ஒலிபரப்பினைத் திட்டமான வடிவங்களுக்குள் அடக்கி, அவ்வடிவங்களுக்குப் பெயருமிட்டு வழங்கி வருகின்றன. அவற்றுள் வளர்ந்தோரை நோக்கியன எனப்படும் வடிவங்கள் மட்டுமே பத்துக்கு மேற்பட்டனவாகும். மிடில் ஒவ் த றோட், ஈஸி லிஸினிங், பியூற்றிபுல் மியூசிக், அடல்ற் ஸ்ராண்டர்ட்ஸ், அடல்ற் கொன்ரெம்பொரறி, அதன் கிளைகளான சொவ்ற், ஹொற், ஏர்பன் என்பன, குவயற் ஸ்ரோர்ம், ஸ்மூத் ஜாஸ், அடல்ற் அல்பம் ஓல்ரேணற்றிவ், அடல்ற் ஹிற்ஸ் என இப்பட்டியல் நீளும்.

இப்பெயர்கள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இவை யாவும் இசை வகைகளின் பெயர்களே என்பது ஒன்று. கர்நாடக சங்கீதம், நாட்டார் பாடல், ஜாஸ் என்பன போன்று இவையும் தனித்த ஒலிப்பண்புடைய இசைப் பிரிவுகள் என இக்கருத்தினர் கருதுவர். இவற்றிடையே வேறுபாடு எதுவுமில்லை, எல்லாம் ஒரே மெல்லிசைதான், பெயர்ப் பெருக்கம் வணிகரின் வீண் ஆரவாரம் என்பது மற்றையது. தமிழில் தொடர்புசாதனங்கள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவது கருத்தையே கைக்கொண்டு, மேற்கூறிய பெயர்களிற் பாதியை ‘மெல்லிசை’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடுகின்றனர்.

இவ்விரு கருத்துகளும் தவறானவை. வடிவங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு மிக நுட்பமாகக் கணிக்கப்பட்டதும், பல கோடி டொலர் பெறுமதியானதுமாகும். ஆயின் அது இசையினுடைய வேறுபாடன்று. விளம்பரதாரருக்கு விற்கப்படும் கேட்போரின் வயது, பால், நிறம், வருமானம் ஆகியவற்றின் வேறுபாடாகும். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாக வகுத்தார். அமெரிக்க வானொலியின் பெயர்களோ இவ்விரண்டுள் எளிதில் அடங்காதவை. அவற்றுக்குக் காரணம் உண்டு. ஆனால் பெயர் காட்டும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது இப்பெயர்களைக் கையாளுதல், வணிகரின் பொருட்பட்டியலைச் சமூக ஆய்வின் கலைச்சொற்றொகுதியாக ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

2

இப்பெயர்கள் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் தகும். 1950களில் தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளிற் புகுந்தது. நாடகம், நகைச்சுவை, பல்சுவை அரங்கு ஆகியவற்றைக் கேட்டு வந்த குடும்பம் வானொலிப் பெட்டியின் முன்னிருந்து எழுந்து சென்றது. எஞ்சிய வானொலி இசைத்தட்டினைத் துணைக்கொண்டது. ஓமாஹா நகரில் ரொட் ஸ்ரோர்ஸும் டலஸ் நகரில் கோர்டன் மக்லெண்டனும், அதிகம் விரும்பப்படும் குறைந்த எண்ணிக்கையான பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் ரொப் 40 முறையினை வளர்த்தனர். றொக் அண்ட் றோல் அதன் உயிர்நாடியாயிற்று. பதின்வயதினர் அதன் கேட்போராயினர்.

இதற்கு எதிர்நிலையாகவே வளர்ந்தோருக்கான வானொலி உருவாயிற்று. அதாவது, அது தான் எதுவென்பதாலன்றி, எதுவன்று என்பதாலேயே வரையறுக்கப்பட்டது. பிராங் சினாட்றா, நற் கிங் கோல், ஜொனி மதிஸ் போன்றோரின் பாடல்கள், நன்கு அறிமுகமான அறிவிப்பாளர், செய்தி, விளையாட்டு வருணனை ஆகியன கலந்த நிலையங்கள் ‘மிடில் ஒவ் த றோட்’, அதாவது நடுவழி எனப்பட்டன. யாருடைய வழிக்கு நடு என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. நடு என ஒன்றைக் கூறியவுடன் ஏனையவை ஓரங்களாகிவிடுகின்றன என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இவ்வெதிர்மறை வரையறைக்கு வெளிப்படையான சான்று பில்போர்ட் சஞ்சிகையின் பட்டியலாகும். 1961 யூலை 17ஆம் திகதி அச்சஞ்சிகை ‘ஈஸி லிஸினிங்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியலைத் தொடங்கிற்று. அதன் முதலிடத்தைப் பெற்றவர் புறூக் பென்ரன். 1962இல் அதன் பெயர் ‘மிடில் றோட்’ என மாறிற்று. 1964இல் ‘பொப் ஸ்ராண்டர்ட்’ ஆயிற்று. 1965இல் மீண்டும் ‘ஈஸி லிஸினிங்’ ஆயிற்று. 1979 ஏப்ரலில் ‘அடல்ற் கொன்ரெம்பொரறி’ ஆயிற்று. பதினெட்டு ஆண்டுகளில் ஒரே பட்டியலுக்கு நான்கு பெயர்கள். இடைப்பட்ட 1962 முதல் 1965 வரையான காலத்தில் அது எவ்வாறு தொகுக்கப்பட்டது என்பது இன்னும் சுவையானது. பொதுப் பட்டியலாகிய ஹொற் 100ஐ எடுத்து, அதனின்றும் றொக் அண்ட் றோல் எனத் தமக்குத் தோன்றிய பாடல்களைத் தொகுப்போர் நீக்கினர். எஞ்சியவை அதே வரிசையில் வளர்ந்தோரின் விருப்பப் பட்டியலாக அச்சேறின. வளர்ந்தோர் எதனை விரும்பினர் என எவரும் கேட்கவில்லை. எதனை விரும்பலாகாது என ஒரு மேசை தீர்மானித்தது.

இவை இசை வகைகளின் பெயர்கள் என்போர் இதற்கு விடை கூறல் வேண்டும். ஓர் இசை வகை பதினெட்டு ஆண்டுகளில் நான்கு முறை பெயர் மாறுவது எங்ஙனம்? 1973இல் எல்ரன் ஜோனின் ‘டானியல்’ என்னும் பாடல் ஈஸி லிஸினிங் பட்டியலின் முதலிடத்திலும் ஹொற் 100இன் இரண்டாம் இடத்திலும் இருந்தது. அதே பாடகரின் இசைத்தட்டுத் தொகுதிகளை றொக் நிலையங்களும் ஒலிபரப்பின. இசைத்தட்டு ஒன்றே, அது சென்று சேர்ந்த கடைகளே பல.

3

‘அடல்ற் கொன்ரெம்பொரறி’ என்ற பெயரை அதன் இரு சொற்களாகப் பிரித்து நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும்.

இரண்டாம் சொல் சமகாலம் எனப் பொருள்படும். ஆயின் இவ்வடிவத்தைச் சார்ந்த நிலையங்கள் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பாடல்களையே பெருமளவில் ஒலிபரப்பி வந்துள்ளன. புதுப்பாடல்களை மிகுதியாகச் சேர்ப்பவை ‘ஹொற்’ என்றும், பழம்பாடல்களில் ஊன்றி நிற்பவை ‘சொவ்ற்’ என்றும் பிரிந்தன. 1996இல் பில்போர்ட் சஞ்சிகையும் இப்பிரிவினை ஏற்று அடல்ற் ரொப் 40 எனத் தனிப்பட்டியல் வகுத்தது. 1984 ஜனவரியில் நியூயோர்க்கில் தொடங்கிய டபிள்யூ.எல்.ரி.டபிள்யூ. நிலையம் தன்னை ‘லைற்’ என அழைத்துக்கொண்டது. சூடு, மென்மை, இலேசு என்னும் சொற்கள் இசையிலக்கணத்துக்குரியனவல்ல. அவை சவர்க்காரத்துக்கும் பானத்துக்கும் இடப்படும் அடைமொழிகள்.

முதற் சொல்லோ இன்னும் விநோதமானது. தமிழ் வாசகருக்கு ‘வயது வந்தோருக்கு’ என்ற தொடர் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழையே நினைவூட்டும். பிள்ளைகள் காணத்தகாதது என்பது அங்கு பொருள். வானொலியில் அதே சொல்லின் பொருள் நேர்மாறானது. அலுவலகத்தில், பல் வைத்தியரின் காத்திருப்பறையில், தாயும் பிள்ளையும் அமர்ந்து செல்லும் காரில் எவருக்கும் கூச்சமோ எரிச்சலோ ஏற்படுத்தாதது என்பதே இங்கு கருத்து. ஒரே சொல் ஒரு துறையில் அச்சுறுத்தலாகவும் மற்றொரு துறையில் உறுதிமொழியாகவும் வழங்குகின்றது.

அன்றியும் வளர்ந்தோர் என்போர் யாவர்? விளம்பர நிறுவனங்களின் கணக்கில் அவர்கள் 25 வயது முதல் 54 வயது வரையுள்ளோர். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளன்று ஒருவர் முதியவராவதில்லை. ஆனால் வானொலிக்கு அவர் இல்லாதவராகிவிடுகின்றார். பிற்கால உலா நூல்கள் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களைப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்தினராக வகுத்தன. பேரிளம்பெண்ணுக்கு அப்பாற்பட்ட மூதாட்டிக்கு அவ்வீதியில் இடமில்லை. தலைவனின் உலாவுக்குப் பயன்படாதவள் என்பதே அதற்குக் காரணம். விளம்பரதாரரின் வயதுப் பட்டியலும் இத்தகையதோர் உலாவே.

இதன் விளைவை பியூற்றிபுல் மியூசிக் என்ற வடிவத்தின் முடிவிற் காணலாம். 1959இல் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் கே.ஏ.பி.எல். நிலையத்தின் வாயிலாக மக்லெண்டன் வளர்த்த வடிவம் இது. வாத்தியக் குழுவினர் இசைக்கும் அறிந்த மெட்டுகள், இடையிடையே சில குரலிசைப் பாடல்கள், கால்மணி நேரத் தொகுப்புகள், மிகக் குறைந்த பேச்சு ஆகியன இதன் இயல்புகள். எவ்.எம். ஒலிபரப்பின் ஸ்ரீரியோ வசதி இதற்குப் பெருந்துணையாயிற்று. ஜிம் சுல்கே போன்றோர் நாடளாவிய முறையில் ஒலிநாடாக்களை வழங்கினர். 1970களின் இறுதியில் பல பெருநகரங்களில் முன்னணி எவ்.எம். வடிவங்களுள் இதுவும் ஒன்று. 1980களில் அந்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக சொவ்ற் அடல்ற் கொன்ரெம்பொரறிக்கு மாறின. கேட்போர் அப்போதும் பெருந்தொகையினராகவே இருந்தனர். அவர்கள் செய்த குற்றம் வயது முதிர்ந்தமையே. 1978இல் அல் ஹாம் தொடங்கிய ‘மியூசிக் ஒவ் யுவர் லைவ்’ என்ற சேவையும், அதனைச் சூழ வளர்ந்த அடல்ற் ஸ்ராண்டர்ட்ஸ் வடிவமும் ஏ.எம். அலைவரிசையிற் சிலகாலம் அவர்களுக்குப் புகலிடமளித்தன. பல்லாண்டுகள் சினாட்றாவின் குரலுக்கு இல்லமாயிருந்த நியூயோர்க்கின் டபிள்யூ.என்.ஈ.டபிள்யூ. ஏ.எம். நிலையம் 1992 டிசெம்பரில் மூடப்பட்டு, அவ்வலைவரிசை வணிகச் செய்திக்குரியதாயிற்று.

4

இனி, பால் வேறுபாடு. ஏ.ஓ.ஆர். என்ற மூன்றெழுத்துப் பெயர் இதற்குத் தக்க உதாரணமாகும். 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் ரொம் டொனஹியூ, அறிவிப்பாளர் தாம் விரும்பியவாறு நீண்ட இசைத்தட்டுகளிலிருந்து தெரிந்து ஒலிபரப்பும் சுதந்திர முறையினைக் கைக்கொண்டார். எவ்.எம். நிலையங்கள் தம் சகோதர ஏ.எம். நிலையங்களின் நிகழ்ச்சியையே முழுமையாக மறு ஒலிபரப்புச் செய்தல் ஆகாது என்ற அரச விதி அப்போது நடைமுறைக்கு வந்திருந்தமையால் இத்தகைய பரிசோதனைகளுக்கு இடமேற்பட்டது. அடுத்த பத்தாண்டில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் அச்சுதந்திரத்தை ஒடுக்கி, ஆய்வின்படி தெரிவுசெய்யப்பட்ட குறுகிய பட்டியலாக மாற்றினர். அதுவே அல்பம் ஓறியன்ரட் றொக், அதாவது இசைத்தட்டுத் தொகுதி சார்ந்த றொக். இளைஞரான ஆண்களே அதன் இலக்கு.

ஆயின் பிரித்தானியாவிலும் யப்பானிலும் ஏ.ஓ.ஆர். என்பது அடல்ற் ஓறியன்ரட் றொக், அதாவது வளர்ந்தோர் சார்ந்த றொக் என விரிக்கப்பட்டு, மென்மையும் மெருகும் வாய்ந்த வேறோர் இசையைக் குறிப்பதாயிற்று. எழுத்து மூன்றும் ஒன்றே; பொருள் ஏறக்குறைய எதிரானது. இப்பெயர்களுக்கு உள்ளுறையான இசைப்பொருள் உண்டு என்போருக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டியதில்லை.

அடல்ற் கொன்ரெம்பொரறியின் இலக்கு முதன்மையாகப் பெண்கள். குறிப்பாக வேலைத்தலத்தில் நாள்முழுதும் வானொலி கேட்கும் பெண்கள். வீட்டுப் பொருள் கொள்வனவு அவர்களின் கையிலிருப்பதாக விளம்பரதாரர் கருதினமையே இதற்குக் காரணம். ஆகவே றொக் முரடானது, மெல்லிசை நளினமானது என்ற ‘இரசனை’ வேறுபாட்டின் கீழ் மதுபானமும் கார்ப் பாகமும் ஒருபுறமாகவும், சவர்க்காரமும் பலசரக்கும் மறுபுறமாகவும் பிரிந்து கிடந்தன.

பாலினும் கொடியது நிறம். நற் கிங் கோலும் ஜொனி மதிஸும் புறூக் பென்ரனும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் நடுவழி நிலையங்களிற் பாடினார்கள். இதனைச் சுட்டி, வளர்ந்தோர் வானொலியில் நிறபேதம் இருந்ததில்லை என வாதிடுவோர் உளர். இவ்வாதம் பாடுவோரையும் கேட்போரையும் ஒன்றாகக் குழப்புவதன் பயனாகும். கறுப்பினப் பாடகருக்கு நடுவழியில் இடமிருந்தது. கறுப்பினக் கேட்போருக்கோ தனிப்பெயர் வேண்டியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கின் டபிள்யூ.பி.எல்.எஸ். நிலையத்தில் பிராங்கி குறொக்கர் பலவகை இசையையும் கலந்தளித்த தம் வடிவத்துக்கு ‘ஏர்பன் கொன்ரெம்பொரறி’ எனப் பெயரிட்டார். ஏர்பன் என்றால் நகர்ப்புறம். நகர்ப்புறத்தில் எல்லா நிறத்தவரும் வாழ்கின்றனர். எனினும் அச்சொல் கறுப்பினத்தவர் என்பதற்கான மங்கல வழக்காக நிலைத்தது. விளம்பரதாரர் முகஞ்சுழிக்காதிருக்கும் பொருட்டு ஒரு மக்கட்பிரிவு தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்ள நேர்ந்தது. மறைத்தும் பயனில்லை. 1999இல் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் சார்பில் வெளியான ஆய்வொன்று, ‘ஏர்பன்’ நிலையங்களிலும் ஸ்பானிய மொழி நிலையங்களிலும் விளம்பரம் வாங்க வேண்டாம் எனச் சில விளம்பரதாரர் வெளிப்படையாகவே பணித்திருந்தமையை எடுத்துக்காட்டிற்று. 2007இல் ஆணைக்குழு விளம்பர ஒப்பந்தங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்ய முன்வந்தது. 2020இல் அமெரிக்க இசைத்தட்டுத் துறையில் சில நிறுவனங்கள் அச்சொல்லையே கைவிட்டன. பெயரில் என்ன இருக்கிறது என்போர் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று.

இவற்றுக்கிடையே ஒரு பெயர் மட்டும் வேறு வழியிற் பிறந்தது. 1976இல் வாஷிங்ரனிலுள்ள ஹொவார்ட் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.யூ.ஆர். நிலையத்தில் மெல்வின் லின்ட்சே என்ற மாணவர் இரவு நேரத்தில் மெதுவான சோல் பாடல்களைத் தொகுத்தளித்தார். ஸ்மோக்கி றொபின்சனின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டின் தலைப்பு அந்நிகழ்ச்சிக்குப் பெயராயிற்று. குவயற் ஸ்ரோர்ம், அமைதியான புயல். இதில் வயதில்லை, சந்தையில்லை. பாடலும் அதனைக் கேட்கும் இரவுமே உள்ளன. பின்னர் அதுவும் நாடெங்கும் வணிக வடிவமாயிற்று என்பது உண்மையே. எனினும் கேட்போரை மதித்த ஒருவர் இசைக்கு இசையிலிருந்தே பெயர் காணலாம் என்பதற்கு ஒரு பல்கலைக்கழக வானொலி சான்றாய் நிற்கின்றது.

5

இப்பெயர்களின் ஆயுளைத் தீர்மானிப்பது கேட்போரின் விருப்பமே என வணிகர் கூறுவர். உண்மையில் அதனைத் தீர்மானிப்பது விருப்பத்தை அளக்கும் கருவியாகும். ஆர்பிற்றோன் நிறுவனம் பல ஆண்டுகளாக ஏழு நாட் குறிப்பேடுகளைத் தெரிவுசெய்யப்பட்ட கேட்போரிடம் கொடுத்து, அவர்கள் எழுதியவற்றைக் கொண்டு நிலையங்களைக் கணித்தது. ஒரு கால்மணி நேரத்துள் ஐந்து நிமிடம் கேட்டதாக எழுதினால் அக்கால்மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் வரவாகும். நினைவிலிருந்து எழுதுவோரின் நினைவில் நிற்பதற்காகவே ‘லைற்’ முதலிய குறும்பெயர்கள் இடைவிடாது உச்சரிக்கப்பட்டன. பாட்டுக்கிடையே பெயரை ஓதும் அவ்வழக்கம் குறிப்பேட்டின் குழந்தையே.

2007 முதல் பில்டெல்பியா, ஹூஸ்ரன் நகரங்களில் தொடங்கி, கேட்போர் உடலில் அணியும் சிறு மின்கருவி குறிப்பேட்டின் இடத்தைப் பிடித்தது. செவிக்குப் புலனாகாத குறியீடுகளை அது தானே பதிவுசெய்யும். அதன் பின் வந்த சில ஆண்டுகளில் ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் பெருநகரங்களிற் சரிந்தன. 1987இல் லொஸ் ஏஞ்சல்ஸின் கே.ரி.டபிள்யூ.வி. முதலான நிலையங்களால் வளர்ந்த வடிவம் அது. நியூயோர்க்கின் டபிள்யூ.கியூ.சி.டி. 2008 பெப்ரவரியில் அதனைக் கைவிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில், புதிய கருவியின் மாதிரித் தெரிவு சிறுபான்மையினரைக் குறைத்துக் காட்டுகிறதென நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் ஆர்பிற்றோன்மீது வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரியில் நிறுவனம் மாதிரியைத் திருத்த உடன்பட்டு இணக்கம் கண்டது. தராசு மாறியவுடன் ஒரு வடிவம் சாகுமாயின், அதுகாறும் வாழ்ந்ததும் தராசின் அருளால் என்றே கொள்ளல் வேண்டும். இரசிகரின் செவிகள் ஓராண்டில் மாறிவிட்டன எனக் கூறுதல் நகைப்புக்கிடமானது.

6

இவ்விவகாரம் கலைச்சொல் பற்றிய தர்க்கம் மட்டுமன்று என்பதை அமெரிக்க நீதிமன்ற வரலாறு காட்டும். வான்வெளி அலைகள் பொதுமக்களின் உடைமை. நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பொதுநலன் கருதி அவற்றைப் பயன்படுத்துவன. இது 1934ஆம் ஆண்டுத் தொடர்பாடற் சட்டத்தின் அடிப்படை. 1974இல் நியூயோர்க்கின் டபிள்யூ.என்.சி.என். நிலையம் சாஸ்திரீய இசையைக் கைவிட்டு றொக் இசைக்கு மாறியபோது கேட்போர் சங்கம் அமைத்துப் போராடினர். 1975இல் பழைய இசை மீண்டது. ஒரு நகரின் தனித்துவமான வடிவம் அழியவிருக்குமாயின், அதனால் பொதுநலன் பாதிக்கப்படுமா என ஆணைக்குழு விசாரித்தல் வேண்டும் என்பது வாஷிங்ரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நிலைப்பாடாயிருந்தது. ஆணைக்குழுவோ 1976இல் கொள்கை அறிக்கையொன்றினை வெளியிட்டு, வடிவங்களைச் சந்தையே தீர்மானிக்கட்டும் எனக் கைகழுவியது. வடிவங்களைத் திட்டமாக வகைப்படுத்துதல் அரசினால் இயலாதது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. ஒலிபரப்பாளர் சங்கமும் பெரும் ஒலிபரப்பு நிறுவனங்களும் அதன் பக்கமே நின்றன. 1981 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணைக்குழுவின் கொள்கையை ஏற்றது. எந்த விதிவிலக்குக்கும் வழிவிடாத கொள்கை முறையன்று என நீதியரசர் மார்ஷல் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அது சிறுபான்மைத் தீர்ப்பாகவே முடிந்தது.

இங்குதான் வணிகரின் இரட்டை நாக்கு வெளிப்படுகின்றது. விளம்பரதாரரின் முன்னிலையில், ஒரு வடிவத்துக்கும் அதன் அயல் வடிவத்துக்குமுள்ள வேறுபாடு அகவை அகவையாக, பால் பாலாக அளந்து விலை குறிக்கப்படுகிறது. நீதிமன்றத்தின் முன்னிலையிலோ வடிவம் வரையறைக்கு உட்படாதது, அதனை எவராலும் வகைப்படுத்த இயலாது என்ற வாதத்தின் பின்னே அதே துறையினர் அணிவகுத்தனர். விற்கும்போது பெயர் கல்லில் எழுத்து; பொறுப்புக் கேட்கும்போது நீர்மேல் எழுத்து. அதே டபிள்யூ.என்.சி.என். 1993 டிசெம்பரில் மீண்டும் றொக் நிலையமாகியபோது அதனைத் தடுக்கச் சட்டத்தில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் எஞ்சிய தடையையும் அகற்றிற்று. ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் நாற்பது நிலையங்களை மட்டுமே வைத்திருக்கலாம் என்ற எல்லை நீங்க, சில ஆண்டுகளில் கிளியர் சனல் நிறுவனம் 1,200 நிலையங்களுக்கு மேல் உடைமையாக்கியது. பெருநகரொன்றில் ஒரே உரிமையாளர் எட்டு நிலையங்கள்வரை வைத்திருக்க முடியுமாயின், வடிவங்களின் பெயர்ப் பெருக்கம் எதற்கு என்பது வெளிப்படை. ஒரே முதலாளியின் எட்டுக் கடைகள் தமக்குள் போட்டியிடாதிருக்க எட்டுப் பெயர்ப்பலகைகள் வேண்டும்.

7

மாற்றுக் கருத்தினர் கூறும் நியாயங்களையும் புறக்கணித்தலாகாது. பெயரில்லையேல் கேட்போர் தமக்குரிய நிலையத்தைக் கண்டுகொள்வது கடினம் என்பர். இது ஏற்புடையதே. பில்டெல்பியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எக்ஸ்.பி.என். போன்ற நிலையங்கள் சார்ந்து நிற்கும் அடல்ற் அல்பம் ஓல்ரேணற்றிவ் வடிவம், பிற நிலையங்கள் ஏற்காத பாடலாசிரியர்களுக்கு இடமளித்து வருவதும் மறுக்கவொண்ணாதது. விளம்பர வருவாயின்றி வணிக நிலையம் வாழாது என்பதும் உண்மை. ஆயின் பெயரின் தேவையை ஒப்புக்கொள்வது, பெயரிடும் அதிகாரம் முழுவதையும் விளம்பரதாரருக்கு ஒப்படைப்பதாகாது.

சந்தை மக்களின் விருப்பத்தையே பின்பற்றுகிறது என்ற வாதம் ஒன்றே எஞ்சுகிறது. 1972 முதல் பழம்பாடல்களை ஒலிபரப்பிய நியூயோர்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். எவ்.எம். நிலையம் 2005 யூன் 3ஆம் திகதி முன்னறிவித்தலின்றி ‘ஜாக்’ என்ற அடல்ற் ஹிற்ஸ் வடிவத்துக்கு மாறிற்று. கனடாவில் 2002இல் தோன்றிய அவ்வடிவம், தான் விரும்பியதையெல்லாம் போடும் வானொலி எனத் தன்னை விளம்பரப்படுத்தியது. கேட்போர் கொதித்தெழுந்தனர். 2007 யூலை 12ஆம் திகதி பழைய நிலையம் திரும்பியது. சந்தை தன்னைத் தானே திருத்திக்கொண்டது என இதற்குப் பொருள் கூறுவர். ஆயின் திரும்பியது முழுமையாக அல்ல. 1950களின் பாடல்கள் பின்தள்ளப்பட்டன. ‘ஓல்டீஸ்’ என்ற பெயர் அத்துறையெங்கும் மெல்ல மறைந்து, ‘கிளாஸிக் ஹிற்ஸ்’ என்பது அதன் இடத்தைப் பெற்றது. பழமை என்ற சொல்லில் முதுமை ஒலிக்கின்றது. முதுமைக்கு விளம்பரம் கிடையாது. மீண்டும் அதே ஐம்பத்துநான்கு வயது எல்லை.

8

தமிழில் இத்துறை பற்றி எழுதுவோர் இதிலிருந்து கொள்ளவேண்டிய முடிவு எளியது. இப்பெயர்களை ‘மெல்லிசை’ என ஒன்றாக்குதல் வேறுபாடுகளை மறைக்கும். ‘வயது வந்தோர் சமகால இசை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தலோ பொய்யை மேலும் உறுதிப்படுத்தும். வணிகப் பெயரை வணிகப் பெயராகவே தமிழ் எழுத்திற் குறித்து, அது எந்த வயதினரை, எந்தப் பாலாரை, எந்த நிறத்தவரை, எந்த ஆண்டில், யாருக்கு விற்பதற்காக இடப்பட்டது என உடன் உரைத்தலே நேர்மையான முறையாகும். பாடலைப் பற்றிக் கூற வேண்டுமாயின் அதன் தாளம், வாத்தியம், குரல், பொருள் என்பவற்றைக் கொண்டு கூறத் தமிழில் வேண்டிய சொற்கள் உள்ளன.

ஒரு சமூகம் தன் முதியோரைக் கேட்கத் தகாதவராகவும், தன் சிறுபான்மையினரைப் பெயர் சொல்லத் தகாதவராகவும் வகுத்த கதை இவ்வானொலிப் பெயர்களுள் எழுதப்பட்டுள்ளது. அக்கதையை வாசிக்க மறுப்போர் அதனை இரசனை என அழைப்பர். ஐம்பத்தைந்து வயதில் தம் அலைவரிசையை இழந்த கேட்போர் அதனை அவ்வாறு அழைக்கமாட்டார்.